தம்மைத் தாமே அளந்த ஆசான்

ஆசிரியரை மாணாக்கர் அளப்பர், ஊரார் அளப்பர், ஊதியம் தரும் அரசும் அளக்கும். ஆனால் ஆசிரியர் தம்மைத் தாமே அளந்து பார்ப்பது அரிது. புகழின் உச்சியில் இருக்கும்போது அவ்வாறு அளந்து, தம் கற்பித்தலில் குறை கண்டு, அக்குறைக்காகப் பதவியையே துறப்பது அதனினும் அரிது. இஸ்லாமியக் கல்வி வரலாற்றில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 1095ல், பகுதாது மாநகரில் நிகழ்ந்தது.

அந்த ஆசான் இமாம் அபூ ஹாமித் முஹம்மது கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 'ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்' என்னும் சிறப்புப் பெயரால் நம் இல்லங்கள்தோறும் அறியப்பட்டவர்கள். அன்னாரைத் தத்துவத்தை எதிர்த்து வாதாடிய மேதையாகவும், ஸூஃபியாகவும், ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட வல்லுநராகவும் நாம் போற்றி வருகிறோம். ஆயினும், அன்னார் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைப் பாடம் சொல்லிக் கொடுப்பதிலேயே கழித்த ஓர் ஆசிரியர் என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. அன்னாரின் உள்ளத்தில் எழுந்த பெரும் போராட்டமும் அந்த ஆசிரியப் பணியைப் பற்றியதே ஆகும்.

ஹிஜ்ரி 450ல் (கி.பி. 1058) குராஸான் நாட்டின் தூஸ் நகரத்தில் இமாமவர்கள் பிறந்தார்கள். இன்று அவ்விடம் ஈரானின் வடகிழக்கே மஷ்ஹத் நகருக்கு அருகில் உள்ளது. தந்தையார் கம்பளி நூற்று விற்று வாழ்ந்த எளியவர். இறக்குந் தறுவாயில் தம் புதல்வர்கள் முஹம்மது, அஹ்மது இருவரையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்து, தமக்குக் கிட்டாத கல்வியை அவர்களுக்கேனும் கொடுக்குமாறு வேண்டிக் கொண்டார். அவர் விட்டுச் சென்ற சிறுபொருள் விரைவில் தீர்ந்தது. நண்பரும் வறியவர். ஆகவே, மத்ரஸாவில் சேர்ந்தால் மாணாக்கர்க்குரிய உணவேனும் கிடைக்கும் என்று கூறிச் சிறுவர் இருவரையும் அங்கே அனுப்பி வைத்தார்.

இச்செய்தியைத் தம் வரலாற்று நூலில் எழுதிய தாஜுத்தீன் சுப்கி (மறைவு ஹிஜ்ரி 771) மற்றொன்றையும் சேர்த்துக் கூறுகிறார். தாங்கள் கல்வியைத் தேடியது இறைவனுக்காக அன்று என்றும், ஆனால் அக்கல்வியோ இறைவனுக்கன்றி வேறெதற்கும் உரியதாக இருக்க மறுத்துவிட்டது என்றும் இமாமவர்கள் பிற்காலத்தில் நினைவு கூர்வார்களாம். 'எதற்காகக் கற்கிறோம்?' என்ற வினா வயிற்றுப் பசியோடு அன்றே பிறந்துவிட்டது. அதுவே வளர்ந்து 'எதற்காகக் கற்பிக்கிறோம்?' என்ற வினாவாக ஒருநாள் திரும்பி வந்தது.

இளமையில் இமாமவர்கள் கல்வியின் பொருட்டு ஜுர்ஜான் சென்று, ஆசிரியர் கூறியவற்றைக் குறிப்புகளாக எழுதிக் கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கள்வர் கூட்டம் எல்லாவற்றையும் பறித்துக் கொண்டது. இமாமவர்கள் அவர்களைப் பின்தொடர்ந்து சென்று, 'உங்களுக்குப் பயன்படாத அந்தக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தாருங்கள். நான் ஊர்விட்டு ஊர் சென்று தேடிய கல்வி அதில் இருக்கிறது' என்று கெஞ்சினார்கள். கள்வர் தலைவன் நகைத்தான். ஒரு பையைப் பறித்ததும் பறிபோய்விடுகிற ஒன்றைக் கல்வி என்று எப்படிச் சொல்லிக் கொள்கிறாய் என்று கேட்டுவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுத்தான். கூறியவன் கள்வன் என்று இமாமவர்கள் அச்சொல்லை ஒதுக்கவில்லை. தூஸுக்குத் திரும்பி மூன்றாண்டுகள் உழைத்து, அக்குறிப்புகள் அனைத்தையும் மனத்தில் இருத்திக் கொண்டார்கள். குறையை எவர் சுட்டினாலும் ஏற்கும் இப்பண்பு அன்னாரிடம் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு சுப்கி தரும் இந்நிகழ்ச்சி ஒரு சான்று.

பின்னர் நைஸாப்பூர் சென்று இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். ஹிஜ்ரி 478ல் (கி.பி. 1085) அப்பேராசான் மறைந்ததும், ஸல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். அறிஞர்கள் ஒருவரோடொருவர் வாதிட்டு வெற்றி தோல்வி காணும் களமாக அவ்வவை விளங்கியது. அங்கே இமாமவர்களின் வாதத் திறன் அனைவரையும் வியக்க வைத்தது. அதன் பயனாக ஹிஜ்ரி 484ல் (கி.பி. 1091), தம் 34ஆம் வயதில், பகுதாது நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராக அமர்த்தப்பட்டார்கள்.

நிஜாமிய்யா அக்காலத்து மத்ரஸாக்களுள் தலைசிறந்தது. கி.பி. 1067ல் அது திறக்கப்பட்டபோது, முதல் ஆசிரியராக அறிவிக்கப்பட்டிருந்த அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) அவர்கள், அவ்விடம் பிறரிடமிருந்து முறையின்றிப் பெறப்பட்டது என்ற ஐயத்தால் திறப்பு நாளன்று வர மறுத்துவிட்டார்கள். சில நாட்கள் சென்ற பின்னரே பொறுப்பை ஏற்றார்கள். அத்தகைய பேணுதல் மிக்கோர் அமர்ந்த இருக்கை அது. அதில் அமர்ந்து கஸ்ஸாலி இமாமவர்கள் 300 மாணாக்கர்க்குப் பாடம் நடத்தினார்கள். இந்த எண்ணிக்கையை அன்னாரே எழுதி வைத்திருக்கிறார்கள். அன்னார் பகுதாதுக்குள் நுழைந்த காலை அணிந்திருந்த உடையும் ஏறிவந்த வாகனமும் 500 தீனார் பெறும் என்று தாங்கள் மதிப்பிட்டதாக ஒரு சட்ட அறிஞர் கூறியதை வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸி குறித்துள்ளார்.

குறை சொல்ல அங்கே எவரும் இல்லை. மாணாக்கர் குறை சொல்லவில்லை. கலீபாவின் அரண்மனையும் அமைச்சரின் மாளிகையும் அன்னாரைப் போற்றின. பாடம் நடத்திக் கிடைத்த ஓய்வு நேரங்களில், ஆசிரியர் எவருடைய துணையும் இன்றித் தத்துவ நூல்களைத் தாமே பயின்று, 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' என்னும் மறுப்பு நூலையும் எழுதி முடித்தார்கள். அறிவிலோ உழைப்பிலோ நாவன்மையிலோ ஒரு பழுதும் இல்லை. பின் எங்கே இருந்தது குறை?

இதற்கு விடை, இமாமவர்கள் ஏறக்குறைய ஹிஜ்ரி 500 அளவில் எழுதிய 'அல் முன்கித் மினள் ளலால்' என்ற தன்வரலாற்று நூலில் உள்ளது. ஸூஃபி மேதைகளின் நூல்களைப் படித்த பின், அவர்தம் பாதையைச் சொற்களால் அறிவது வேறு, அதன்படி வாழ்வது வேறு என்று அன்னார் உணர்ந்தார்கள். பின்னர்த் தம் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயத் தொடங்கினார்கள். அவற்றுள் சிறந்தது எது என்று பார்த்தார்கள். கற்பித்தலே சிறந்தது எனத் தோன்றிற்று. அதனையும் ஆராய்ந்தார்கள். இரண்டு குறைகள் தென்பட்டன. மறுமைக்குப் பெரிதும் பயன்படாத கலைகளைத் தாம் கற்பித்துக் கொண்டிருப்பது ஒன்று. கற்பிக்கும்போது தம் நிய்யத் இறைவனுக்கென்று தூய்மையாக இல்லை. பதவியும் பரந்த புகழுமே தம்மை உந்தித் தள்ளுகின்றன என்பது மற்றொன்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தம் குறைகளைத் தேடுகிற மனிதர் பெரும்பாலும் தாம் அரைகுறையாகச் செய்யும் செயல்களிலேயே தேடுவர். இமாமவர்களோ தம் செயல்களுள் மிகச் சிறந்ததில் தேடினார்கள். தம்மிடமுள்ள நன்மைகளின் தலையாயதே பழுதுபட்டிருக்குமாயின் ஏனையவற்றைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது அந்த ஆராய்ச்சியின் முறை.

குறையை உணர்ந்த உடனே துறந்துவிட்டார்கள் என்று எண்ணுதல் தவறு. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் முதல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் இமாமவர்கள் முடிவின்றித் தவித்தார்கள். ஒருநாள் புறப்பட உறுதி கொள்வார்கள். மறுநாள் அவ்வுறுதி குலையும். ஓர் அடி முன்னே வைத்தால் மறு அடி பின்னே இழுக்கும். இது நிலையற்ற மனநிலை, சில நாளில் மாறிவிடும். இவ்வளவு பெரிய பதவியை விட்டுவிட்டுப் பின்னர் விரும்பினாலும் கிடைக்காது என்று ஷைத்தான் உள்ளிருந்து பேசியதாக அன்னாரே எழுதுகிறார்கள். தம் கோழைமையை அவர்கள் மறைக்கவில்லை.

முடிவில் அது அன்னாரின் விருப்பத்தைக் கடந்துவிட்டது. நா அடைத்துக் கொண்டது. தம்மை நாடி வந்த மாணாக்கரின் உள்ளம் மகிழ ஒருநாளேனும் பாடம் நடத்திவிட வேண்டும் என்று முயல்வார்கள். ஒரு சொல்லும் வெளிவராது. அந்தத் துயரத்தால் உணவு செல்லவில்லை, நீரும் இறங்கவில்லை, உடல் தளர்ந்தது. மருத்துவர் கைவிட்டனர். இது உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கிய நோய். உள்ளத்துக் கவலை நீங்காமல் மருந்தால் பயனில்லை என்று கூறிவிட்டனர். நாவன்மையால் ஆசிரியப் பதவியை அடைந்தவருக்கு நாவே அடைத்துப் போயிற்று. அதன் பின்னரே, அதே ஆண்டு துல்கஃதா மாதத்தில், தம் பொருளைப் பங்கிட்டுக் கொடுத்து, பிள்ளைகளின் வாழ்வுக்குப் போதுமானதை மட்டும் ஒதுக்கிவிட்டு, பகுதாதை விட்டுப் புறப்பட்டார்கள். தடுப்பவர் பலர் என்பதால் மக்கா செல்வதாகக் கூறிக் கொண்டு ஷாம் நாட்டை நோக்கிச் சென்றார்கள். நிஜாமிய்யாவில் அன்னாருக்குப் பதிலாக இளவல் அஹ்மது கஸ்ஸாலி பாடம் நடத்தினார்.

ஊர் பலவாறு பேசியது. மார்க்கத்தில் இதைவிட உயர்ந்த பதவி வேறில்லை என்று எண்ணிய உலமாக்களுக்கு ஒருவர் அதனை மார்க்கத்திற்காகவே துறக்கக்கூடும் என்பது விளங்கவில்லை. தொலைவில் இருந்தோர் ஆட்சியாளரின் சினமே காரணம் என்றனர். ஆட்சியாளர்க்கு அருகே இருந்தோரோ, அவர்கள் எவ்வளவு மன்றாடியும் அன்னார் இணங்காததை நேரில் கண்டு, இது கண்ணேறு என்றனர். இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலரும் அரசியல் காரணம் தேடினர். கி.பி. 1092ல் நிஜாமுல் முல்க் கொலையுண்டார். அடுத்துச் சுல்தான் மலிக் ஷாவும் இறந்தார். அரியணைக்குப் போட்டி எழுந்தது. பாத்தினிகளை எதிர்த்து இமாமவர்கள் நூல் எழுதியிருந்தார்கள். ஆகவே அஞ்சி ஓடினார்கள் என்பது அவர்கள் கருத்து.

காலம் கொந்தளிப்பானது என்பது உண்மை. எனினும் பிந்திய நிகழ்ச்சிகள் அக்கருத்துக்கு இடம் தரவில்லை. ஹிஜ்ரி 490ல் (கி.பி. 1097) இமாமவர்கள் பகுதாதுக்குத் திரும்பி வந்திருந்ததை, ஸ்பெயினின் ஸெவில் நகரத்து அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபி நேரில் கண்டு எழுதியுள்ளார். நிஜாமிய்யாவுக்கு எதிரே இருந்த ஸூஃபிகளின் தங்குமிடத்தில் அன்னார் தங்கியிருந்தார்கள். எதிரே தம் பழைய இருக்கை. ஆனால் அதன்மீது அமரவில்லை. அச்சமே காரணம் என்றால் அந்நகருக்கே வந்திருக்க மாட்டார்கள். இப்போது அன்னார் அணிந்திருந்த உடையை மதிப்பிட்ட அதே அறிஞர், அது 15 கீராத்து பெறும் என்றார். அது ஒரு தீனாருக்கும் குறைந்த தொகை.

இடைப்பட்ட காலத்தில் அன்னார் சென்ற இடங்கள் பல. திமஷ்க் நகரத்து உமையாப் பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுக் கொண்டு நாளெல்லாம் தனித்திருந்தார்கள். பைத்துல் முகத்தஸுக்கும், இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள ஹலீல் நகருக்கும் சென்றார்கள். இனி ஆட்சியாளரை நாடிச் செல்வதில்லை, அவர்களிடம் பொருள் பெறுவதில்லை, வாதப் போரில் இறங்குவதில்லை என ஹலீல் நகரில் உறுதி பூண்டதாகப் பின்னாளில் தம் மடலில் குறிப்பிட்டார்கள். இம்மூன்றும் ஓர் ஆசிரியராகத் தாம் உயர்ந்த மூன்று படிகள் என்பதை நோக்கின், அந்த உறுதியின் பொருள் தெளிவாகும். பின்னர் ஹஜ்ஜை நிறைவேற்றினார்கள்.

இக்காலத்தில் எழுந்ததே நாற்பது பகுதிகள் கொண்ட 'இஹ்யா உலூமித்தீன்'. அதன் முதற்பகுதி கல்வியைப் பற்றியது. அதில் வாதப் போர்களால் உள்ளத்தில் விளையும் பொறாமை, செருக்கு, வஞ்சம், புறங்கூறல், பிறர் தோல்வியில் மகிழ்தல் ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறார்கள். நிஜாமுல் முல்க்கின் அவையில் வென்று வென்று பழகியவர் எழுதிய வரிசை அது. தொடர்ந்து ஆசிரியரின் கடமைகள் எட்டு என்று வகுக்கிறார்கள்.

மாணாக்கரைத் தம் பிள்ளைகளாகக் கருதி இரக்கம் காட்டுதல் முதலாவது. கூலியையோ நன்றியையோ எதிர்பாராமை இரண்டாவது. கல்வியின் நோக்கம் தலைமையும் போட்டியும் அன்று என்பதை உணர்த்தி, தகுதி வருமுன் மேற்படிக்குத் தாவுவதைத் தடுத்து, நல்லுரையை ஒளிக்காமல் கூறுதல் மூன்றாவது. தீய பழக்கத்தைப் பலரறியக் கண்டிக்காமல் குறிப்பாலும் கனிவாலும் விலக்குதல் நான்காவது. தாம் கற்பிக்கும் கலையை உயர்த்தும் பொருட்டு மற்றக் கலைகளை மாணாக்கர் முன் இழித்துரையாமை ஐந்தாவது. மாணாக்கரின் அறிவு தாங்கும் அளவுக்கு மட்டுமே கூறுதல் ஆறாவது. மந்தமான மாணாக்கருக்கு அவர்க்கேற்ற தெளிவான பாடத்தைக் கொடுத்து, 'இதற்கு மேல் நுட்பங்கள் உண்டு. உனக்குச் சொல்லவில்லை' என்று கூறி அவர் மனத்தைக் கலக்காதிருத்தல் ஏழாவது. தம் கல்வியின்படி தாமே நடத்தல் எட்டாவது. கோல் வளைந்திருக்க நிழல் நேராக விழாது என்ற உவமையை இங்கே எடுத்தாள்கிறார்கள்.

இந்த எட்டினுள் ஒன்றேனும் ஆசிரியரின் புலமையின் அளவைப் பற்றிப் பேசவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புலமை வேண்டாம் என்பது பொருளன்று. 300 மாணாக்கர் முன் அமர்ந்த அன்னாரிடம் அது நிறைந்திருந்தது. அது மட்டும் போதவில்லை என்பதே அன்னார் கண்ட உண்மை.

இவ்வாறு பதினோர் ஆண்டுகள் சென்றன. ஹிஜ்ரி 499 துல்கஃதாவில் (கி.பி. 1106) நிஜாமுல் முல்க்கின் மகனான அமைச்சர் ஃபக்ருல் முல்க்கின் வற்புறுத்தலால் நைஸாப்பூர் நிஜாமிய்யாவில் மீண்டும் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்கள். ஆட்சியாளரை விட்டு விலகியிருப்பதாகப் பூண்ட உறுதிக்கு இது இசையுமா என்ற வினா எழுதல் இயல்பு. இமாமவர்களும் அதனை எளிதில் கடந்துவிடவில்லை. மக்களிடையே ஈமான் தளர்ந்திருக்கும் வேளையில் தனித்திருந்து சுகம் காண்பது சோம்பலோ என்று தம்மையே கேட்டார்கள். உள்ளத் தெளிவு மிக்கோரிடம் கலந்து ஆலோசித்தார்கள். அவர்கள் ஒருமனதாக வெளிவருமாறு கூறிய பின்னரே சென்றார்கள். அன்று பதவியைப் பெற்றுத் தரும் கல்வியைப் போதித்ததாகவும், இன்று பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதிப்பதாகவும், ஆதலால் இது பழைய நிலைக்குத் திரும்புதல் ஆகாது என்றும் விளக்கினார்கள். குறை கற்பித்தலில் இல்லை, கற்பித்தவரின் நோக்கத்தில் இருந்தது என்பதே அன்னாரின் தீர்ப்பு. ஆகவே நோக்கம் சீர்பட்டபின் கற்பிக்கத் தடையிருக்கவில்லை.

இந்த மாற்றம் உண்மைதானா என்று ஐயுற்றவர் அக்காலத்திலேயே இருந்தார். நைஸாப்பூரின் அறிஞர் அப்துல் காஃபிர் ஃபாரிஸி, இமாமவர்களின் இளமைக் காலச் செருக்கையும், பிறரைத் தாழ்வாக நோக்கும் இயல்பையும் அறிந்திருந்தவர். பிற்காலத்துப் பணிவு வெறும் நடிப்போ என்று கருதிப் பலமுறை சென்று பார்த்தார். ஆராய்ந்தபின், தாம் எண்ணியது தவறு, மாற்றம் மெய்யானதே என்று எழுதி வைத்தார்.

அவரே மற்றொரு செய்தியையும் தருகிறார். இமாமவர்களின் அரபு நடையில் இலக்கணப் பிழைகள் உண்டென்று சிலர் குறை கூறியதுண்டு. அன்னார் சினக்கவில்லை, அக்கலையில் தாம் ஆழ்ந்து பயிலவில்லை என்று ஒப்புக் கொண்டு, தம் நூல்களில் சொற்பிழை காண்போர் திருத்திக் கொள்ளலாம் என இசைவளித்தார்கள். ஹதீஸ் கலையில் தம் கைச்சரக்கு சிறிதே என்றும் அன்னார் எழுதியதுண்டு. அந்தக் குறைபாடு நூலிலும் தங்கிவிட்டது. இஹ்யாவில் வலுவற்ற அறிவிப்புகள் இடம்பெற்றதைப் பிந்திய அறிஞர் சுட்டினர். ஹிஜ்ரி 806ல் மறைந்த ஹாபிழ் ஸைனுத்தீன் இராக்கி அவற்றின் மூலங்களை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். ஆனால் இமாமவர்கள் குறையை ஒப்புக் கொண்டதோடு நின்றுவிடவில்லை. வாழ்வின் இறுதி நாட்களில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களையும் ஆழ்ந்து பயிலத் தொடங்கினார்கள். உலகம் இமாம் என்று போற்றிய பெருமகனார் மீண்டும் மாணவரானார்கள்.

நைஸாப்பூரிலிருந்து தூஸுக்குத் திரும்பி, தம் வீட்டருகே மாணாக்கர்க்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்தார்கள். ஹிஜ்ரி 504ல் பகுதாது நிஜாமிய்யாவின் தலைமைப் பதவி வெற்றிடமானபோது, மீண்டும் வருமாறு அழைப்பு வந்தது. இமாமவர்கள் மறுத்துவிட்டார்கள். ஹலீல் நகரத்து உறுதியையும் குடும்பத்தையும் காரணமாகக் காட்டியதோடு, தூஸில் தம்மிடம் பயிலும் 150 மாணாக்கரை விட்டுவர இயலாது என்றும் மடல் எழுதினார்கள். ஒருகாலத்தில் 300 மாணாக்கரை விட்டுப் பகுதாதிலிருந்து வெளியேறியவர்கள், இப்போது 150 மாணாக்கரை விட்டுப் பகுதாதுக்குச் செல்ல மறுத்தார்கள். இரண்டும் ஒரே உள்ளத்தின் செயல்களே. பகுதாதில் அன்னார் துறந்தது மாணாக்கரை அன்று. அவர்கள் வாயிலாகத் தமக்குக் கிடைத்த பெருமையை. தூஸில் அப்பெருமை இல்லை. மாணாக்கர் மட்டும் இருந்தனர்.

மறு ஆண்டு, ஹிஜ்ரி 505 ஜமாதுல் ஆகிர் 14ல் (கி.பி. 1111 டிசம்பர் 18), தூஸ் நகரில் இமாமவர்கள் மறைந்தார்கள். நம் ஊர்களில் மத்ரஸா உஸ்தாதாகவும், பள்ளி ஆசிரியராகவும், வீட்டில் பிள்ளைக்கு ஓதிக் கொடுக்கும் தாயாகவும் தந்தையாகவும் கற்பிக்கும் பணியில் இருப்போர் பலர். நிஜாமிய்யாவின் இருக்கை எவருக்கும் வாய்க்கப் போவதில்லை. ஆயினும் அந்த இருக்கையில் இமாமவர்கள் தம்மை நோக்கிக் கேட்ட கேள்வி எவரும் கேட்டுக் கொள்ளக் கூடியதே. நாம் கற்பிப்பது எதிரே அமர்ந்திருக்கும் பிள்ளைக்காகவா, நம் பெயருக்காகவா? அதற்குரிய விடையை மாணாக்கரும் ஊராரும் நமக்குச் சொல்ல மாட்டார்கள். நாமே பார்த்து அறிந்து கொள்ள வேண்டியது அது.